பட்டமும் பாசமும்
சென்னைப் பல்கலைக்கழகமும் தமிழ்க் குடும்பங்களும்

கல்கத்தா லேக் மார்க்கெட்டை அடுத்த தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில் ஒரு நிழற்படம் நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தையார் கறுப்பு அங்கியணிந்து, கையில் சுருட்டிய தாள் ஒன்றை ஏந்தி நிற்கிறார். அவருக்கு முன்னே நாற்காலியில் வேட்டியும் மேல்துண்டுமாக ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் என் பெரியப்பா. படத்தின் அடியில் 1938 என்று எழுதியிருக்கும்.

சிறுவனாக இருந்தபோது அப்படத்தில் ஒரு செய்தி எனக்குப் புரியவில்லை. பட்டம் பெற்றவர் நிற்கிறார். பட்டம் பெறாதவர் அமர்ந்திருக்கிறார். அங்கி அன்று ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது என்பார் எந்தையார். நாற்காலியைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது அண்ணாவுடைய பட்டமப்பா, நான் போய் வாங்கி வந்தேன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். பெரியப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஏர் பிடித்தவர். தம்பியின் கல்லூரிச் சம்பளத்துக்காக ஒரு மா நிலத்தை ஒற்றி வைத்தவர். அந்த நிலம் மீளவேயில்லை என்பது நான் வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய ஒரு படமும் இத்தகைய ஒரு கதையும் உண்டு. ஊரைவிட்டு வந்தபோது அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் குலதெய்வத்தின் படத்துக்கு அடுத்த இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை பதித்த அத்தாளுக்கே இருந்தது. ஒரு கல்வி நிலையத்தின்மீது ஒரு சமுதாயம் முழுவதும் இத்துணைப் பாசம் வைத்தது எவ்வாறு? அப்பாசத்தின் பெருமை எது, குறை எது? வரலாற்றின் துணைகொண்டு இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேட்டுப் பெற்ற கல்வி

ஆங்கிலேயர் தம் ஆட்சிக்கு எழுத்தர்களைப் பெறுவதற்காகவே பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தினர் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் சென்னையைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். 1839 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னை மாகாணத்து மக்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. உயர் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அதனை முன்னின்று அளித்தார். புகைவண்டியும் தந்தியும் வாராத காலத்தில் எழுபதாயிரம் கையொப்பம் என்பது எத்துணை உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்விண்ணப்பத்தின் பயனாக 1841 இல் ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. ஈ. பி. பவல் என்பார் அதனைப் பேணி வளர்த்தார். அதுவே பின்னர் மாநிலக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, 1842 இல், பச்சையப்பர் அறநிதியிலிருந்து மற்றொரு பள்ளி எழுந்தது. காஞ்சிபுரத்துப் பச்சையப்ப முதலியார் மறைந்தது 1794 இல். அவர் எழுதிவைத்த அறக்கொடை பல்லாண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்து, மீட்கப்பட்டு, கல்விக்குப் பயன்பட்டது. அரசு ஒரு கை கொடுத்ததென்றால், மக்கள் மறு கை கொடுத்தனர் எனலாம்.

1854 இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி, 1857 ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் நிறுவப்பெற்றன. கல்கத்தா ஜனவரியிலும், பம்பாய் ஜூலையிலும், சென்னை செப்டம்பர் 5 ஆம் நாளிலும் பிறந்தன. வடக்கே பெருங்கிளர்ச்சி மூண்டிருந்த அதே ஆண்டில் இம்மூன்று சகோதரிகளும் தோன்றியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கல்கத்தாவில் வாழும் சென்னைப் பட்டதாரி, தாய்வீட்டை விட்டுப் பெரியம்மா வீட்டுக்கு வந்தவரே அன்றி அயலார் வீட்டுக்கு வந்தவர் அல்லர் என்று எந்தையார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

முதல் பட்டதாரிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றொருவர் கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். ஆகவே இப்பல்கலைக்கழகத்தின் முதல் மாணாக்கர்களே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள்தாம். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

தாமோதரம் பிள்ளை பட்டம் பெற்றார், சட்டமும் பயின்றார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். ஆயினும் இன்று தமிழுலகம் அவரை நினைப்பது அப்பதவிக்காக அன்று. ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலத்தில், தொல்காப்பியச் சேனாவரையத்தை 1868 இலும், வீரசோழியத்தை 1881 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். ஆங்கிலவழிக் கல்வியின் முதற் கனி தமிழின் பழங்கனியைத் தேடிச் சென்றது. கற்ற கல்வியை எங்கே செலுத்துவது என்னும் வினாவுக்கு முதல் பட்டதாரியே விடை சொல்லிவிட்டார்.

மெரினாக் கடற்கரையில் ராபர்ட் சிஸம் என்னும் கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை எழுப்பிய செனட் மண்டபம், இப்பாசத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது. ஏனெனில் அக்காலத்துப் பல்கலைக்கழகம் பாடம் சொல்லும் இடம் அன்று. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, கல்லூரிகளை இணைத்துக்கொள்வதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதுமே அதன் பணிகளாக இருந்தன. கும்பகோணத்திலோ திருச்சிராப்பள்ளியிலோ மதுரையிலோ படித்தவன், தன் பல்கலைக்கழகத்தைக் கண்ணால் கண்டதே பட்டமளிப்பு நாளன்றுதான். எந்தையாரும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவர். காவிரியைப் படகில் கடந்து கல்லூரிக்குச் சென்ற அவர், கடலை முதன்முதலாகக் கண்டது பட்டம் வாங்கச் சென்ற அன்று. செனட் மண்டபத்தையும் வங்கக் கடலையும் ஒரே நாளில் கண்ட திகைப்பு, அறுபது வயதிலும் அவர் பேச்சில் நீங்கவில்லை.

தேர்வு மட்டும் நடத்திய ஓர் அலுவலகத்தின்மீது இத்துணை அன்பு எவ்வாறு பிறந்தது? விடை எளிது. அன்பு பிறந்த இடம் மண்டபம் அன்று, வீடு. பட்டம் ஒருவர் பெயரில் வந்தது. அதற்கான கடன் ஒரு குடும்பத்தின் பெயரில் இருந்தது. தாயின் வளையலும், தமையனின் வயலும், மாமன் வீட்டுத் திண்ணையில் கிடைத்த இடமும், வாரச் சாப்பாடு போட்ட வீடுகளும் ஒன்றுகூடி எழுதிய தேர்வு அது. ஊரே எழுதிய தேர்வில் ஒருவன் தோற்றால் ஊரே வருந்திற்று. “பி.ஏ. பெயில்” என்பதைக்கூட ஒரு தகுதியாகப் பெயருக்குப் பின்னே போட்டுக்கொண்டார்கள் என்னும் பழைய வேடிக்கைக்குள்ளே அழுகை ஒன்று ஒளிந்திருக்கிறது.

பட்டமில்லாப் பெரியோர்

ஒரு பல்கலைக்கழகத்தின் தகுதியை அது வழங்கிய பட்டங்களைக் கொண்டு அளப்பது வழக்கம். பட்டம் இல்லாதாரை அது எவ்வாறு நடத்தியது என்பதைக் கொண்டு அளப்பதே என் கருத்தில் சாலச் சிறந்தது. இவ்வகையில் இரு செய்திகள் நினைவுகூரத்தக்கவை.

சீனிவாச இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பின்பு பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றார். கணிதம் ஒழிந்த பாடங்களில் தவறியமையால் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்களுக்கு முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். எந்தத் தேர்வு முறை அவரைத் தள்ளியதோ, அதே பல்கலைக்கழகம் 1913 இல் திங்களுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்து அவரை அழைத்துக்கொண்டது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரிய அவ்வுதவியைப் பட்டமே இல்லாதவர்க்கு விதியைத் தளர்த்தி வழங்கினர். மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் செல்லவும் பொருளுதவி செய்தனர். அவருடைய கணிதக் குறிப்பேடுகள் இப்பல்கலைக்கழக நூலகத்தின் செல்வமாக விளங்குகின்றன.

மற்றொருவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் 1880 முதல் கும்பகோணம் கல்லூரியிலும், 1903 முதல் மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராக இருந்தார். எத்துணையோ பட்டதாரிகளை உருவாக்கிய அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் கிடையாது. 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கித் தன்னைப் பெருமைப்படுத்திக்கொண்டது. தன் வாயிலில் நுழையாத அறிவையும் மதிக்கத் தெரிந்த நிலையமே மக்களின் அன்புக்கு உரியதாகும்.

பாசத்தின் மறுபக்கம்

எனினும் நம் பெருமையைப் பேசும்போது நம் குறையையும் பேசுதல் நேர்மை. இப்பல்கலைக்கழகத்தின் கதவு எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. 1914 ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றிருந்த பட்டதாரிகள் 650 பேருள் 452 பேர் பிராமண வகுப்பினராக இருந்தனர். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அவ்வாயில் எட்டாத் தொலைவிலேயே இருந்தது. 1916 இல் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கைக்கு இத்தகைய கணக்குகளே அடிப்படையாயின. இப்பல்கலைக்கழகம் நம்முடையது என்று சிலர் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, அது எங்களுக்கும் உரியதாக வேண்டும் என்று பலர் குரலெழுப்பினர். அக்குரலும் ஒரு வகைப் பாசமே. வேண்டாத பொருளுக்காக யாரும் வழக்காடுவதில்லை. 1923 இல் நீதிக்கட்சி ஆட்சியில் பல்கலைக்கழகத்துக்குப் புதிய சட்டம் இயற்றப்பெற்றது. பின்னர் வந்த இடஒதுக்கீடும், காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பெருகிய பள்ளிகளும், 1956 இல் தொடங்கிய மதிய உணவும், அவ்வாயிலை மெல்ல மெல்ல அகலத் திறந்தன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவர்களின் தலைமுறை அவ்வழியே வந்தது.

இங்கே நம் மொழியில் அமைந்த ஒரு சொல்லை எண்ணி வியக்கிறேன். ‘பட்டம்’ என்னும் சொல் அரசன் சூடிய பட்டத்தையும் குறிக்கும்; சாதிப் பெயராக ஒட்டிக்கொண்ட பட்டத்தையும் குறிக்கும்; பல்கலைக்கழகம் தரும் பட்டத்தையும் குறிக்கும். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிடும்படி தீர்மானித்தது. நாளடைவில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டனர். ஒழிந்த அவ்விடத்தில் வந்து அமர்ந்தது கல்விப் பட்டம். நம் திருமண அழைப்பிதழைப் பாருங்கள். மணமகன் பெயருக்குப் பின்னும் மணமகள் பெயருக்குப் பின்னும் பி.ஏ., பி.எஸ்ஸி., எம்.காம். என்று அச்சிட்டிருப்போம். இவ்வழக்கத்தைக் கண்டு வங்காள நண்பர்கள் நகைப்பதுண்டு. பிறப்பால் வந்த பட்டத்தை விட்டு, உழைப்பால் வந்த பட்டத்தைப் போட்டுக்கொள்வது நகைப்புக்குரியதன்று என்று அவர்களிடம் நான் சொல்வேன்.

பெண்களின் நிலையும் இவ்வாறே. பதினொரு வயதில் கணவனை இழந்த ஆர். எஸ். சுப்பலட்சுமி, 1911 இல் மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். ‘சகோதரி’ என்று எல்லாராலும் அழைக்கப்பெற்ற அவர், தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்காக விடுதி அமைத்து அவர்களையும் படிக்கவைத்தார். 1914 இல் இராணி மேரி கல்லூரி சென்னைக் கடற்கரையில் பெண்களுக்கென்றே தோன்றியது. ஆயினும் நம் வீடுகளில் நடந்தது என்ன? என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். பட்டத்தை உயிராக மதித்த எந்தையார், என் தமக்கையைப் பள்ளியிறுதி வகுப்போடு நிறுத்தித் திருமணம் செய்துவைத்தார். தமையன் வயலை ஒற்றிவைத்துப் படித்த ஒருவர், தம் மகளுக்காக எதனையும் ஒற்றிவைக்க எண்ணவில்லை. இது அவர்மீது சாட்டும் குற்றமன்று. அக்காலத்து நல்ல மனிதர்கள் பலரும் செய்த பிழை.

வங்கத்தில் ஒரு கிளை

சென்னைப் பட்டம் தமிழரை வெளியூருக்கு அனுப்பிய சீட்டாகவும் இருந்தது. கணக்காயர் அலுவலகம், புகைவண்டிப் பகுதி, அஞ்சல் துறை, வணிக நிறுவனங்கள் என்று கல்கத்தாவிலும் பம்பாயிலும் தில்லியிலும் தமிழர் வந்து அமர்ந்தனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரை உலகமே அறியும். சி. வி. இராமன் மாநிலக் கல்லூரியில் 1904 இல் பி.ஏ. பட்டமும் 1907 இல் எம்.ஏ. பட்டமும் பெற்று, அவ்வாண்டே நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்தார். பகலில் அரசுக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. அவர் திறனை உணர்ந்த அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார். 1917 இல் இராமன் மிகுந்த சம்பளமுள்ள அரசுப் பதவியைத் துறந்து அப்பணியை ஏற்றார். 1928 இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு 1930 இல் நோபெல் பரிசைக் கொணர்ந்தது. அவ்வாராய்ச்சியில் அவருக்கு உறுதுணையாக நின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரே. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் 1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு மெய்ப்பொருள் பேராசிரியராக வந்தார்.

சென்னை நட்ட மரம் கல்கத்தாவில் பழுத்தது. ஆகவே தாய்ப் பல்கலைக்கழகத்தின்மீது கொண்ட பற்று, புகுந்த ஊரின் பல்கலைக்கழகத்தை வெறுக்கச் செய்வதாக இருத்தல் ஆகாது. நம் பிள்ளைகள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் ஜாதவ்பூரிலும் படித்து அவற்றின் புகழைப் பேசும்போது, பெரியோர் சிலர் முகம் சுளித்ததை நான் கண்டிருக்கிறேன். இராமனை ஏற்றுப் போற்றிய மண்ணில் நின்றுகொண்டு அவ்வாறு முகம் சுளித்தல் நன்றி மறத்தலாகும்.

தமிழுக்குச் செய்த தொண்டு

சென்னைப் பல்கலைக்கழகத்தின்மீது தமிழர் கொண்ட பற்றுக்கு நிலையான காரணம் ஒன்று உண்டெனில் அது தமிழ்ப் பேரகராதியே. ஆனால் அதுவும் எளிதில் வந்ததன்று. ஆங்கிலத்துக்கே முதன்மை கொடுத்த நிலையம் அது. 1902 இல் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை அகற்றும் முயற்சி எழுந்தபோது, சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அதனை எதிர்த்துப் பாடுபட்டார். பரிதிமாற் கலைஞர் எனத் தமிழுலகம் போற்றும் அப்பெருமகனார், மறு ஆண்டே இளமையில் மறைந்தார். அன்புடையார் தம் நிலையத்தோடு வாதாடவும் அறிவர் என்பதற்கு அவர் ஒரு சான்று.

பேரகராதிப் பணி 1913 இல் ஜே. எஸ். சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கியது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று, 1936 இல் ஆறு தொகுதிகளையும் முடித்தார். 1939 இல் பிற்சேர்க்கை வெளிவந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கியுள்ளன. எந்தையார் தம் முதுமையில், பழைய புத்தகக் கடையொன்றில் அதன் ஒரு தொகுதியை மட்டும் வாங்கி வந்து, மற்ற ஐந்தும் கிடைக்கவில்லையே என்று ஏங்கியிருந்தார். இன்று அப்பேரகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கிறது. வங்கத்தில் பிறந்து தமிழெழுத்தைத் தடுமாறிப் படிக்கும் என் பெயர்த்தி, தன் கைப்பேசியில் அதனைப் புரட்டிச் சொல் கேட்கிறாள்.

கொடுத்தோரும் பிரிந்தோரும்

அன்பு வெறும் பேச்சாக நில்லாது கொடையாகவும் மாறிய காலம் உண்டு. மாநிலக் கல்லூரியில் பயின்ற டாக்டர் அழகப்பச் செட்டியார், 1944 இல் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் அளித்து, கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார். 1947 இல் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் வேண்டியபோது, அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தவரும் அவரே. அவ்வாண்டே அது தொடங்கியும்விட்டது. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த இலட்சுமணசாமி முதலியாரின் காலத்தில், தேர்வு நடத்தும் நிலையம் என்ற நிலை மாறி, ஆராய்ச்சித் துறைகள் பல பெருகின.

குடும்பம் பெருகினால் பாகப்பிரிவினை வருவது இயல்பு. மைசூர் 1916 இலும், ஆந்திரம் 1926 இலும், அண்ணாமலை 1929 இலும், திருவிதாங்கூர் 1937 இலும் தனிப் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. மதுரை 1966 இலும், கோவையும் திருச்சியும் 1982 இலும் தனிக்குடித்தனம் சென்றன. வேளாண்மையும் பொறியியலும் மருத்துவமும் சட்டமும் தத்தமக்கெனப் பல்கலைக்கழகங்களை அமைத்துக்கொண்டன. ஒருகாலத்தில் தென்னாடு முழுவதையும் தன் குடைக்கீழ் வைத்திருந்த தாய், சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் தனக்கென வைத்துக்கொண்டாள். 1996 இல் ஆங்கிலத்திலும் நகரின் பெயர் சென்னை என மாறியபோதும், பல்கலைக்கழகம் தன் பழைய ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

அத்தாய்க்கு முதுமையின் துன்பங்களும் வந்தன. 2023 ஆகஸ்டுத் திங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அவ்விடம் உடனே நிரப்பப்படவில்லை. 2024 இல் வருமான வரிப் பாக்கியின் பொருட்டுப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்ட செய்தியை நாளிதழ்களில் கண்டபோது, முன்னாள் மாணாக்கர் பலருக்கு நெஞ்சம் பதைத்தது. நூற்றாண்டு கடந்த செனட் மண்டபத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அன்பு வேறு. அதன் நூலகத்துக்கும் ஆய்வுக் கூடத்துக்கும் ஏழை மாணவனின் கட்டணத்துக்கும் துணை நிற்கும் அன்பு வேறு. முன்னது மலிந்து பின்னது அருகுமாயின், நம் பாசம் சுவரில் தொங்கும் படத்தோடு முடிந்துவிடும்.

அஞ்சலில் வந்த பட்டம்

தமக்கையின் கதையை முடிக்கவில்லை. 1981 இல் சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அச்செய்தியைச் செய்தித்தாளில் கண்டு, தாமே படிவத்தை வரவழைத்து, ஒரு சொல்லும் பேசாமல் அக்காளின் முன்னே வைத்தவர் எந்தையார். அப்போது அக்காளுக்கு வயது முப்பத்தேழு, பிள்ளைகள் மூவர். அடுக்களையில் உலை கொதிக்கும் நேரத்தில் படித்தார். தேர்வுக்காக ஹவுரா மெயிலில் ஏறிச் சென்னைக்குச் சென்று, மாமா வீட்டில் தங்கி எழுதினார். அத்திம்பேர் இங்கே பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டார். அம்மா நாளும் கோயிலுக்குச் சென்றாள். பழைய கணக்கே புதிதாகத் திரும்பிற்று: பட்டம் ஒருவர் பெயரில், உழைப்பு ஒரு குடும்பத்தின் பெயரில்.

1985 இல் அக்காளின் பி.ஏ. பட்டம் அஞ்சலில் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்குச் செல்ல வசதிப்படவில்லை, அங்கியும் இல்லை. ஆயினும் படம் எடுத்தே ஆகவேண்டும் என்றார் எந்தையார். ராஷ்பிகாரி அவென்யூவில் இருந்த நிழற்படக் கடைக்குச் சென்றோம். வயதில் மூத்தவர் என்று கடைக்காரர் எந்தையாருக்கு நாற்காலியைக் காட்டினார். அவர் அமரவில்லை. நாற்காலியை அக்காளின் பக்கம் நகர்த்திவிட்டு, தாம் பின்னே சென்று நின்றுகொண்டார். அறுபத்தெட்டு வயதில், காலில் மூட்டுவலியோடு, அவர் நின்ற அந்நிலையை நான் மறக்க இயலாது. பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. அவர் அமர்ந்திருந்த இடத்தில் அக்காள் அமர்ந்தார்.

இன்று அவ்விரு படங்களும் என் வீட்டுக் கூடத்தில் அருகருகே இருக்கின்றன. சென்ற ஆண்டு என் பெயர்த்தி அவற்றைக் காட்டி, “ஏன் தாத்தா, இரண்டிலும் பெரிய தாத்தா நின்றுகொண்டே இருக்கிறார்?” என்று வினவினாள். அவளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பார்த்தறியாத ஓர் இடம். அவள் பட்டம் வாங்கப்போவது வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலாக இருக்கலாம். வேறு நாட்டிலாகவும் இருக்கலாம். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. முதல் படத்தில் ஒற்றியில் போன நிலத்தின் கதையையும், இரண்டாம் படத்தில் காலம் தாழ்த்தித் தீர்த்த கடனின் கதையையும் அவளுக்குச் சொன்னேன்.

அன்பர்களே, நம் வீடுகளில் பெட்டியடியில் உறங்கும் பழைய பட்டத் தாள்களை ஒருமுறை எடுத்து நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அதில் அச்சாகியிருக்கும் பெயரை அவர்களே படித்துக்கொள்வர். அச்சாகாத பெயர்களை நாம்தான் சொல்ல வேண்டும்.